கோடை சில வாரங்கள்தான்... பனி நிலத்துப் பூக்கள் எப்படி வாரிசு வளர்க்கின்றன?

கிரீன்லாந்தின் வடகிழக்கு மூலையில், 74-வது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது சாக்கன்பர்க் ஆய்வு நிலையம். அங்கே கோடையில் சுமார் மூன்று மாதம் சூரியன் மறைவதே இல்லை. குளிர்காலத்தில் கிட்டத்தட்ட அதே அளவுக்கு எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஜூன் மாதத்தில் பனி உருகத் தொடங்கும். ஆகஸ்ட் முடிவதற்குள் மறுபடியும் உறைபனி வந்துவிடும்.

இந்த இடைவெளிக்குள் ஒரு செடி இலைவிட வேண்டும், பூக்க வேண்டும், மகரந்தச் சேர்க்கை நடக்க வேண்டும், விதை முற்ற வேண்டும். அது முடிந்து அடுத்த குளிருக்கும் தயாராக வேண்டும். காற்றின் வெப்பநிலையோ பல நாள்களில் 5 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டாது. உதவிக்கு வரும் பூச்சிகளும் குறைவு.

இத்தனைக்கும் நடுவில் அந்த நிலம் பூத்துக் குலுங்கத்தான் செய்கிறது. எப்படி இது சாத்தியம்?

ஆர்க்டிக், ஆல்பைன்: இரண்டும் ஒன்றா?

வட துருவத்தைச் சுற்றி, மரங்கள் வளர முடியாத அளவுக்குக் குளிரான பகுதியில் வாழ்பவை ஆர்க்டிக் செடிகள். இமயமலை, ஆல்ப்ஸ், ராக்கி போன்ற மலைகளில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே வாழ்பவை ஆல்பைன் செடிகள். மரம் வளராத குளிர் நிலம் என்பதுதான் இரண்டுக்கும் பொது. கடும் காற்று, ஏழ்மையான மண், குறுகிய கோடை ஆகியவையும் பொது.

வித்தியாசங்களும் உண்டு. ஆர்க்டிக் கோடையில் இரவே கிடையாது. தாழ்வாகவே இருந்தாலும் வெயில் 24 மணி நேரமும் கிடைக்கும். உயர்ந்த மலைகளில் பகலில் வெயில் சுட்டெரிக்கும், புற ஊதாக் கதிர் அதிகம். இரவானால் கோடையிலும் உறைபனி விழும்.

இரண்டு இடத்திலும் தாக்குப்பிடிக்கும் செடிகளும் உண்டு. ஊதா சாக்ஸிஃப்ரேஜ் என்ற குட்டிச் செடியை எடுத்துக்கொள்வோம். தரையோடு தரையாகப் படர்ந்து, ஊதா நிறத்தில் பூக்கும். கிரீன்லாந்தின் வடக்கே, துருவத்தில் இருந்து சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஃபேக்ளூபன் தீவில் இது வளர்கிறது. உலகில் செடிகள் வளரும் வடகோடி இடங்களில் அதுவும் ஒன்று. இதே செடி சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,500 மீட்டருக்கு மேலும் பூக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் காணப்பட்ட பூச்செடி இதுதான்.

இந்த வருஷப் பூவுக்கு எப்போதோ போட்ட மொட்டு

தோட்டத்தில் விதை போட்டால் சில மாதங்களில் செடி வளர்ந்து, பூத்து, காய்த்து, காய்ந்தும் போகும். இப்படி ஒரே பருவத்தில் ஆயுளை முடிக்கும் ஒருபருவச் செடிகள் ஆர்க்டிக்கில் மிகமிகக் குறைவு. காரணம் எளிது. விதையில் இருந்து தொடங்கி மறுபடி விதை வரைக்கும் போக அங்கே கோடை போதாது. ஒரே ஒரு மோசமான வருஷம் வந்தாலும் அந்தச் செடியின் கதை முடிந்தது.

அதனால் அங்கே பெரும்பாலானவை பல்லாண்டு வாழும் செடிகள். அவை கையாளும் முக்கியமான உத்தி, பூமொட்டை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது. போன கோடையிலேயே மொட்டு உருவாகி, குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் காத்திருக்கும். பனி உருகியதும் விரிய வேண்டியதுதான் பாக்கி. ஊதா சாக்ஸிஃப்ரேஜ் பனி விலகிய சில நாள்களிலேயே பூத்துவிடுவது இதனால்தான்.

இதில் உச்சம் ஆல்பைன் பிஸ்டார்ட் என்ற செடி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள நிவாட் ரிட்ஜ் மலைமுகட்டில் தாவரவியலாளர் பமேலா டிகிள் இதை ஆராய்ந்து, 1997-ல் முடிவுகளை வெளியிட்டார். இந்தச் செடியின் ஒரு பூங்கொத்து, கண்ணுக்குத் தெரியாத முளையாகத் தோன்றுவதில் இருந்து முழுதாக முதிர்வதற்கு நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்கடியில் அதே செடியில் அடுத்த வருஷத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வருஷத்துக்கு ஒன்று என வெவ்வேறு வயதில் மொட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்று விரியும் பூ, நான்கு கோடைகளின் சேமிப்பு.

வெயிலைப் பிடிக்கும் கிண்ணங்கள்

பூத்தாயிற்று. குளிரை என்ன செய்வது? மகரந்தத் தூள் முளைப்பதற்கும், சூலகத்தில் விதை வளர்வதற்கும் வெப்பம் தேவை. காற்றில் அது இல்லை. ஆனால் வெயிலில் இருக்கிறது.

டிரையாஸ் என்ற வெள்ளைப் பூவும், கசகசாச் செடிக்கு உறவான ஆர்க்டிக் பாப்பியும் கிண்ணம் போன்ற வடிவம் கொண்டவை. இதழ்களில் படும் வெயில் நடுப்பகுதியை நோக்கிப் பிரதிபலிக்கிறது. சூரிய அடுப்பில் நடப்பதும் இதுதான். பூவின் நடுவில்தான் சூலகம் இருக்கிறது. ஆகவே சூடு தேவையான இடத்துக்கே போய்ச் சேருகிறது.

அதோடு விடவில்லை. சூரியன் நகர நகர இந்தப் பூக்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் உள்ள ஹேசன் ஏரிப் பகுதியில் ஆய்வு செய்த பீட்டர் கெவன், இதை 1975-ல் 'சயின்ஸ்' இதழில் விளக்கமாக எழுதினார். வெயில் நேரத்தில் பூவின் உட்பகுதி வெளிக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் இருப்பது அளந்து பார்க்கப்பட்டது. சில டிகிரிதானே என்று தோன்றலாம். காற்று 5 டிகிரியில் இருக்கும் இடத்தில், விதை முற்றுவதா இல்லையா என்பதை முடிவு செய்வதே அந்தச் சில டிகிரிதான்.

ராக்கி மலையில் வளரும் பனி பட்டர்கப் என்ற மஞ்சள் பூவும் இப்படித்தான். உருகும் பனியின் விளிம்பிலேயே, சில நேரம் பனியைத் துளைத்துக்கொண்டும் பூக்கும். தண்டின் நிழல் விழும் பக்கம் சற்று அதிகமாக நீள்வதால் பூ வெயில் பக்கமாகச் சாய்கிறது. இந்தப் பூக்களைத் திரும்ப முடியாதபடி கட்டி வைத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூக்களில் பூச்சிகள் கூடுதல் நேரம் தங்கின. அவற்றின் மகரந்தமும் நன்றாக முளைத்தது.

கம்பளி, மெத்தை, தரையோடு ஒட்டிய வாழ்க்கை

கிண்ணம் மட்டுமே வழி இல்லை. ஆர்க்டிக் வில்லோ என்பது பல இடங்களில் கணுக்கால் உயரம்கூட எழும்பாமல் தரையில் படரும் ஒரு மரவகை. அதன் பூங்கதிர்கள் பூனைக்குட்டியின் ரோமம் போல மெத்மெத்தென்று இருக்கும். அந்த ரோமங்கள் வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியேறாமல் பிடித்து வைக்கின்றன. கம்பளி லவுஸ்வோர்ட் என்ற செடி முளைக்கும்போதே வெள்ளைக் கம்பளி போர்த்தியது போலத்தான் வெளியே வருகிறது.

மாஸ் கேம்பியன் இன்னொரு வழியைப் பிடித்தது. நூற்றுக்கணக்கான குட்டித் தண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு பச்சை மெத்தை போல உருண்டு நிற்கும். மேலே காற்று சீறிக்கொண்டு போனாலும் மெத்தைக்குள் அமைதி. வெயில் அடிக்கும்போது உள்ளே காற்றைவிடப் பல டிகிரி சூடு அதிகம். வளர்ச்சி ஆமை வேகம்தான், ஆனால் ஆயுள் கெட்டி. அலாஸ்காவில் இதன் சில மெத்தைகளுக்கு 300 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு கோடைகளில் பாதி வீணானாலும், மீதியில் விதை போட்டால் இதற்குப் போதும்.

தேனீ இல்லாத ஊரில் தூது போவது யார்?

பூ என்றதும் தேனீதான் நினைவுக்கு வரும். ஆர்க்டிக்கில் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அங்கே தேனீ இனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உண்டு. மகரந்தம் கடத்தும் வேலையில் பெரும்பங்கு செய்வது ஈக்கள். நாம் துரத்தியடிக்கும் வீட்டு ஈயின் நெருங்கிய சொந்தங்கள்தான் அவை. சாக்கன்பர்க்கில் டிரையாஸ் பூக்களை ஆராய்ந்தபோது, எங்கே இந்த ஈக்கள் அதிகமோ அங்கே விதையும் அதிகம் பிடித்திருந்தது தெரியவந்தது.

அடுத்தது கொசு. ஆம், கொசுவேதான்! ஆணும் பெண்ணும் பூந்தேன் குடித்துத்தான் உயிர் வாழ்கின்றன. பெண் கொசு ரத்தம் தேடுவது முட்டைக்காக. ஆர்க்டிக்கின் வடகோடியில் சில பெண் கொசுக்கள் ரத்தமே இல்லாமலும் முட்டையிட்டுவிடும். டிரையாஸ் பூவின் நடுவில் கொசுக்கள் உட்கார்ந்து குளிர்காய்வது அங்கே சாதாரணக் காட்சி. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளரும் ஒரு சிறிய பச்சை ஆர்க்கிட், கொசுவையே தூதாக நம்பியிருக்கிறது. தேன் குடிக்கத் தலையை நுழைக்கும் கொசுவின் கண்ணில் மகரந்தப் பொதி பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அது பார்சல் போய்ச் சேரும்.

தேனீ வகையில் ஆர்க்டிக் பம்பிள் தேனீயைச் சொல்லாமல் இருக்க முடியாது. உடல் முழுக்க அடர்ந்த ரோமம். பறப்பதற்கு முன் சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் துடிக்க வைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர் இருந்தாலும் உள்ளே 35 டிகிரியைத் தொட்டுவிடும். குளிர்காலத்தைத் தனியாகத் தாண்டி வரும் ராணி, வில்லோ கதிர்களைத் தேடிப்போய்த் தேனும் மகரந்தமும் சேர்த்து, உடல் சூட்டால் அடைகாக்கும். பூவுக்குக் கோடை குறுகியது என்றால், இந்த ராணிக்கும் அதே கோடைதான்.

இதைப் பார்த்தால் சூடான பூக்களின் கணக்கு புரியும். தேன் மட்டும் கூலி இல்லை. குளிரில் நடுங்கும் பூச்சிக்கு உட்காரச் சூடான இடமும் கூலிதான்.

யாருமே வராவிட்டால்?

ஒரு வாரம் தொடர்ந்து மழையும் பனிமூட்டமும் என்றால் பூச்சிகள் பறக்காது. கோடையே சில வாரம்தான் எனும்போது ஒரு வாரம் போவது பெரிய இழப்பு. அதற்கும் மாற்று ஏற்பாடு இருக்கிறது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த டிராபா செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையை நம்புகின்றன. பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்து விதை உண்டாகிறது. துணை தேவையில்லை, தூதுவரும் தேவையில்லை. ஆனால் புதுக் கலப்பு இல்லாததால் வாரிசுகள் ஒரே அச்சாக இருக்கும் ஆபத்து உண்டு. இதை ஓரளவு ஈடுகட்டுவது இவற்றின் மரபணு அமைப்பு. ஆர்க்டிக் செடிகளில் பல, இரண்டு தொகுதிக்குப் பதில் நான்கு, ஆறு, அதற்கும் மேல் குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை. வெவ்வேறு மூதாதையரிடம் இருந்து வந்த இந்தக் கூடுதல் பிரதிகள், ஒரே செடிக்குள் பலவகை மரபணுக்களைப் பாதுகாத்து வைக்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே போனால், மகரந்தமே கலக்காமல் விதை உண்டாக்கும் செடிகள். டேண்டிலியான் இனத்தில் பல இப்படிப்பட்டவை. தாயின் நேர் நகலாகவே விதை உருவாகிவிடும்.

விதையே வேண்டாம், குட்டி போதும்!

நான்கு வருஷம் மொட்டைச் சுமந்த ஆல்பைன் பிஸ்டார்டுக்குத் திரும்புவோம். அதன் பூங்கதிரின் மேல்பாதியில் வெள்ளைப் பூக்கள். கீழ்ப்பாதியில் பூவுக்குப் பதில் சிறுசிறு கிழங்குமணிகள். அவை உதிர்ந்து மண்ணில் விழுந்தால் அப்படியே வேர்விட்டுப் புதுச் செடியாகும். சில நேரம் தாய்ச்செடியில் இருக்கும்போதே இலை முளைத்திருக்கும். பனிப்பகுதிக் கோழி இனமான டார்மிகனுக்கும், ரெயின்டீர் மான்களுக்கும் இது பிடித்த தீனி. அவை தின்றதுபோக விழுவதில் அடுத்த தலைமுறை பிழைக்கிறது.

தலை கவிழ்ந்த சாக்ஸிஃப்ரேஜ் என்ற இன்னொரு செடியில் உச்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு பூ. அதுவும் விதை பிடிப்பது அபூர்வம். ஆனால் தண்டு நெடுக, இலைக் கக்கங்களில் சிவந்த கிழங்குமணிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஆல்பைன் புல் ஒன்றில் விதை வர வேண்டிய இடத்தில் நாற்றே வந்துவிடுகிறது. சிலந்திக் கால்கள் போல ஓடுதண்டுகளை நாலா பக்கமும் நீட்டி, முனையில் குட்டிச் செடி வைக்கும் வகையும் உண்டு.

அப்படியானால் பூ எதற்கு? விஞ்ஞானிகளும் இதைக் கேட்டார்கள். எல்லாமே ஒரே செடியின் நகல்களாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தலை கவிழ்ந்த சாக்ஸிஃப்ரேஜின் மரபணுவைச் சோதித்தபோது, நினைத்ததைவிட அதிக வேறுபாடு இருந்தது. எப்போதோ அபூர்வமாக நடக்கும் ஒரு மகரந்தச் சேர்க்கையே கூட்டத்துக்குள் புதிய கலவையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நகல் என்பது இன்றைய பாதுகாப்பு. விதை என்பது நாளை சூழல் மாறினால் கைகொடுக்கும் சேமிப்பு. இந்தச் செடிகள் இரண்டிலுமே முதலீடு செய்கின்றன.

இமயத்தின் கண்ணாடி வீடு

கிழக்கு இமயமலையில் சிக்கிம், பூட்டான், திபெத் பகுதிகளில் 4,000 மீட்டருக்கு மேல் ஓர் அதிசயம் நிற்கிறது. பெயர் நோபிள் ருபார்ப். சுற்றியுள்ள செடிகள் எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்க, இது மட்டும் ஒரு மீட்டருக்கும் மேல் கோபுரம் போல எழும்பும். வெளிர் மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் மெல்லிய இலைத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கடுக்காகத் தொங்கும். பூக்கள் எல்லாம் அதற்கு உள்ளே.

இந்தத் தகடுகள் வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன, வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன, புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. மழையில் மகரந்தம் நனையாமலும் காக்கின்றன. உள்ளே வந்து மகரந்தம் கடத்துவது கொசு போன்ற ஒரு பூஞ்சைப் பூச்சி. அது இலவச வேலை செய்வதில்லை. உள்ளேயே முட்டையிடும், அதன் புழுக்கள் விதைகளில் ஒரு பங்கைத் தின்னும். மீதி விதைகள் செடிக்கு. பல ஆண்டு வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, விதைத்ததும் இது மடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நீலகிரியின் குறிஞ்சியும் இதே ஜாதிதான்.

உத்தராகண்டின் மாநில மலரான பிரம்ம கமலமும் இதே கண்ணாடி வீட்டு உத்தியைத்தான் பயன்படுத்துகிறது. நாம் பூவிதழ் என்று நினைப்பது உண்மையில் மெல்லிய இலைத் தகடு. நிஜப் பூக்கள் ஊதா நிறத்தில் உள்ளே ஒளிந்திருக்கின்றன.

விதை கிளம்பும் பயணம்

டிரையாஸ் பூ காய்த்ததும் இறகு போன்ற வால்கள் முளைத்துப் பஞ்சுப் பந்துபோல ஆகிவிடும். காற்று அதைத் தூக்கிப்போகும். குளிர்காலத்தில் உறைந்த பனியின் வழவழப்பான பரப்பில் விதைகள் வெகுதூரம் சறுக்கிக்கொண்டே போகவும் முடியும். தடுக்க மரமும் இல்லை, புதரும் இல்லை. பல விதைகள் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் முளைக்கும். இலையுதிர் காலத்தில் ஏமாந்து முளைத்து உறைந்துபோகாமல் இருக்க இது ஒரு பூட்டு.

உறைந்த மண் நல்ல குளிர்பதனக் கிடங்கும்கூட. சைபீரியாவின் கொலிமா ஆற்றங்கரையில், பழங்கால அணில்கள் சேர்த்துவைத்த வளைகளில் இருந்து சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற செடியின் காய்களை ரஷ்ய விஞ்ஞானிகள் எடுத்தார்கள். வயது சுமார் 32,000 ஆண்டுகள். 2012-ல் அவற்றில் இருந்து செடியை உயிர்ப்பித்ததாக அறிவித்தார்கள். விதையே முளைத்தது என்று இதைப் பலரும் சொல்வதுண்டு. உண்மையில் முளைக்க வைத்தது காயின் உள்ளே இருந்த திசுவை. அந்தச் செடிகள் பூத்தன, விதையும் போட்டன.

வெப்பம் கூடினால் நல்லதுதானே?

குளிர்தான் பிரச்சினை என்றால், பூமி சூடாவது இந்தப் பூக்களுக்கு லாபம் என்று தோன்றும். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக், உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஆனால் களத்தில் இருந்து வரும் தகவல்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

சாக்கன்பர்க்கில் 1996 முதல் 2009 வரை திரட்டிய கணக்குகள் 2013-ல் வெளியாயின. சூடு கூடியதும் எல்லாப் பூக்களும் சீக்கிரமாக, நெருக்கமாகப் பூத்து முடிந்துவிட்டன. மொத்தப் பூக்காலமே சுருங்கியது. அதே காலத்தில் பூவைத் தேடிவரும் ஈக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. பூ இருக்கும்போது ஈ இல்லை, ஈ இருக்கும்போது பூ இல்லை என்ற நிலை வந்தால் இரண்டுக்குமே நஷ்டம்.

கொலராடோவில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் உள்ள ராக்கி மலை உயிரியல் ஆய்வகத்தில் டேவிட் இனோயே 1970-களில் இருந்து பூக்களை எண்ணி வருகிறார். அவர் கண்டது இன்னொரு சிக்கல். பனி சீக்கிரம் உருகினால் செடிகளும் சீக்கிரம் மொட்டு விடுகின்றன. ஆனால் ஜூன் மாத உறைபனி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போர்வை போலக் காத்த பனி போய்விட்டதால் மொட்டுகள் கருகுகின்றன. ஆஸ்பன் சூரியகாந்தி என்ற மலைப்பூவில் 1992 முதல் 1998 வரை சராசரியாக 36 சதவீத மொட்டுகள் உறைபனியில் வீணாயின. 1999 முதல் 2006 வரை அது சுமார் 74 சதவீதம்.

மலையுச்சிகளிலும் நெரிசல் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவின் 302 சிகரங்களில் 145 ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. சமீபப் பத்தாண்டில் புதிய செடிகள் சிகரம் ஏறும் வேகம், அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததைப்போல ஐந்து மடங்கு. கீழே இருந்து ஏறிவரும் செடிகள் உயரமானவை, வேகமாக வளர்பவை. மெத்தைபோலப் படுத்து வாழ்ந்து பழகிய செடிமீது அவற்றின் நிழல் விழுந்தால், வெயிலை நம்பிய அதன் கணக்கு மொத்தமும் தவறிவிடும். மேலே போகலாம் என்றால் அதற்கு மேல் மலை இல்லை.

டிரையாஸ் பூ இதற்கு முன்பும் பருவநிலை மாற்றத்தைப் பார்த்திருக்கிறது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபகுதி திடீரென்று மறுபடி குளிர்ந்தபோது இது ஐரோப்பா எங்கும் பரவியது. ஏரிகளின் வண்டலில் இதன் இலைகள் ஏராளமாகக் கிடைத்ததால், அந்தக் குளிர்காலகட்டத்துக்கே 'யங்கர் டிரையாஸ்' என்று பெயர் வைத்தார்கள். குளிர் வந்தபோது தெற்கே இறங்கி வர இடம் இருந்தது. இப்போது சூட்டுக்குத் தப்பி வடக்கே போக வேண்டும். ஆனால் கிரீன்லாந்தின் வடகரைக்கு அப்பால் இருப்பது கடல்தான்.